கோடை அந்தியும் கடலோரக் கேமராவும்: வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கோடை மாலை நேரத்தில் நடந்து சென்று நிலக்காட்சிப் படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்து மூர்நிலங்களில் (புதர் படர்ந்த மேட்டு வெட்டவெளிகளில்) கோடை மாலையில் நடந்துகொண்டே படம் எடுப்பவர்களை யூடியூபில் பார்க்கிறேன். பொழுது சாய்ந்த பிறகும் சாவகாசமாக இடம் மாறி மாறி எடுக்கிறார்கள். நான் தேவிபட்டினம் பக்கம் போனால் ட்ரைபாடை விரிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. எங்கே தவறு?
— கல்லூரி மாணவி, பரமக்குடி

அந்த ஊர்க் கணக்கை இங்கே பின்பற்றுவதுதான் சிக்கல். நார்த் யார்க் மூர்ஸ் பகுதி பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 54 பாகை (டிகிரி) வடக்கில் இருக்கிறது. ஜூனில் அங்கே சூரியன் இரவு 9.40 அளவில்தான் மறையும், அதுவும் அடிவானத்தை ஒட்டி மிகச் சாய்வாக இறங்கும். ஒரு பாகை இறங்க ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். மறைந்த பிறகும் முக்கால் மணி நேரம் படம் எடுக்கப் போதுமான வெளிச்சம் நிற்கும். நம் கடற்கரையோ 9 பாகைக்குச் சற்று வடக்கே இருப்பது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. பாகைக்கு நாலேகால் நிமிடம்தான்.

இதை நேரமாக மாற்றிப் பார்ப்போம். ராமநாதபுரத்தில் சூரியன் மறைவது சித்திரைப் பிறப்பை ஒட்டி 6.25 அளவில், மே நடுவில் 6.27 அளவில், ஜூன் கடைசியில் 6.38 அளவில். ராமேஸ்வரத்தில் இதற்கு இரண்டு நிமிடம் முன்னால். பொன்னிற வெளிச்சம் என்று சொல்லத்தக்கது மறைவுக்கு முந்தைய 25 நிமிடம். மறைந்த பிறகு 20, 22 நிமிடத்தில் கண்ணுக்கே தரை மங்கிவிடும். மொத்தத்தில் உங்கள் கையில் இருப்பது முக்கால் மணி.

ஆகவே நடப்பதையும் எடுப்பதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 4.45க்குக் கிளம்பி ஒரு மணி நேரம் கேமராவைப் பையில் வைத்தபடியே நடந்து, இடம் பாருங்கள். 5.50க்குள் ஓர் இடத்தில் ட்ரைபாட் நின்றுவிட வேண்டும். ஐம்பது அடிக்குள் மாற்று இடம் ஒன்று மனத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் இடம் மாற்ற நினைத்தால் வெளிச்சத்தை நடையில் தொலைப்பீர்கள்.

அளவுகளும் வேகமாக மாறும். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 வைத்துக்கொண்டால் சூரியன் மறையும் தறுவாயில் வானத்துக்கு 1/60 விநாடி அளவில் வரும். பத்து நிமிடம் கழித்து 1/8, இருபது நிமிடம் கழித்து ஒன்று முதல் இரண்டு விநாடி. இவை உத்தேசக் கணக்குகள்தான், மேகத்தைப் பொறுத்து மாறும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பார்த்து ஷட்டர் வேகத்தைத் திருத்துங்கள். சூரியன் மறைந்ததும் பையைக் கட்டிவிடாதீர்கள். மறைந்த ஐந்தாறு நிமிடம் எல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கும். அதற்குப் பிறகு மேலே மெல்லிய மேகம் இருந்தால் அடியிலிருந்து வெளிச்சம் பட்டு இரண்டாம் முறை சிவக்கும். கோடையில் இந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த வானம் பெரும்பாலும் அந்த இரண்டாம் சிவப்புதான்.

சாயல்குடி, மூக்கையூர் கரையில் மார்கழியில் சூரியன் கடலோரமாக இறங்குகிறது. வைகாசியில் போனால் ஊர்ப் பக்கம் பனைமரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. கோடையில் கடலில் இறங்கும் சூரியனை எங்கே எடுக்கலாம்?
— வாசகர், சாயல்குடி

நீங்கள் கவனித்தது மிகச் சரி. டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி மறைகிறது, ஜூன் கடைசியில் 24 பாகை வடக்கே. போன் திசைகாட்டியில் பார்த்தால் முன்னது 246, பின்னது 294. மே நடுவில் 289. மன்னார் வளைகுடாக் கரை தெற்கு நோக்கியது. மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி எல்லாமே கோடையில் நிலத்துப் பக்கம் அந்தி காணும் ஊர்கள்தான். சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கே வந்து, நட்ட கம்புக்கு நிழல் இல்லாமல் போகிறதே, அதன் பிறகு ஆவணி வரை அது நமக்கு வடக்கேதான்.

கோடையில் நீரும் சூரியனும் சேர்ந்து வேண்டுமென்றால் பாக் நீரிணைப் பக்கத்து வடகரைக்குப் போங்கள். மண்டபம் வடகரை, அரியமான் இரண்டும் ஜூனில் ஏறக்குறையக் கரைக்கோட்டை ஒட்டியே சூரியன் இறங்கும் இடங்கள். இன்னொரு வசதியும் உண்டு. வைகாசி, ஆனியில் கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ராமேஸ்வரத்தில் இவற்றை ஆண்கடல், பெண்கடல் என்பார்கள். வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிய வேண்டுமென்றால் கோடையில் பெண்கடல்தான்.

அதற்காக உங்கள் ஊர்க் கரையை விட்டுவிட வேண்டாம். அங்கே சூரியனுக்கு முதுகு காட்டி, கிழக்கே கடலைப் பாருங்கள். சூரியன் மறைந்து ஐந்து நிமிடத்தில் அடிவானத்துக்கு மேல் நீலச்சாம்பல் பட்டை ஒன்றும் அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் எழும். கீழே இருப்பது பூமியின் நிழல், மேலே இருப்பது மறைந்த சூரியனின் செவ்வொளி திரும்பிப் படும் காற்று. பத்து நிமிடத்துக்குள் கலைந்துவிடும். கரையில் ஏற்றி வைத்த வல்லம் ஒன்றை முன்னால் வைத்து இதை எடுத்தவர்கள் மிகக் குறைவு. ஒளி மென்மையாக இருப்பதால் ஃபில்டர் எதுவும் தேவைப்படாது.

மூர்நிலப் படங்களில் ஊதாப் பூ, மூடுபனி, மேடு பள்ளம். எங்கள் பக்கம் சீமைக்கருவேலம், உப்பளம், வறண்ட கண்மாய். தட்டை நிலத்தை எடுத்தால் படம் வெறுமையாக இருக்கிறது.
— ஆசிரியர், கடலாடி

அந்த மூர்நிலமும் பெரும்பாலும் மரமற்ற வெட்டவெளிதான். ஹெதர் புதர் பூத்து ஊதாவாகத் தெரிவதும் ஆகஸ்டை ஒட்டிய சில வாரங்களுக்குத்தான். மற்ற மாதங்களில் அங்கே படம் எடுப்பவர்களும் உங்களைப்போல் வெறும் தரையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் செய்வதையே இங்கும் செய்யலாம்: அடிவானத்தை மறந்து காலடியைப் பார்ப்பது.

தட்டை நிலத்தில் அகலக்கோண லென்ஸை நின்ற உயரத்திலிருந்து பிடித்தால் நடுவில் ஒன்றுமில்லாத ஒரு பெரிய பட்டை விழும். வெறுமை அங்கிருந்துதான் வருகிறது. கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கி, முன்னால் இருக்கும் பொருளுக்கு இரண்டடி தூரத்துக்குள் போங்கள். அப்போது நடுப்பட்டை சுருங்கி, முன்னிலையும் வானமும் நெருங்கி வரும். எதை முன்னால் வைப்பது? மணல்மேட்டில் அடம்பங்கொடி கோடு கோடாக ஓடுகிறது, ஊதாப் பூவும் உண்டு. அது காலையில் விரிந்து பிற்பகலில் வாடும் என்பதால் மாலைப் படத்தில் கொடியையும் இலையையும் நம்புங்கள். ராவணன் மீசைப் புல்லின் உருண்டைக் கதிர் காய்ந்து மணலில் உருளும், பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு முள்ளும் ஒளிரும். உவர்நிலத்தில் உமரிச் செடி கோடையில் சிவந்து கிடக்கும். கண்மாய் வெடிப்பை எடுப்பதானால் சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள். நேர் எதிரிலோ நேர் பின்னாலோ இருந்தால் வெடிப்பின் ஆழம் தெரியாது.

ஃபோகஸ் பலருக்கு இங்கேதான் தவறுகிறது. ஏ.பி.எஸ்.-சி (சிறிய சென்சார்) கேமராவில் 18 மி.மீ., எஃப் 8 என்றால் சுமார் 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வையுங்கள். ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சாரில்) 24 மி.மீ., எஃப் 11 என்றால் ஒன்றே முக்கால் மீட்டர். பொருள் அதைவிட நெருக்கமாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்துப் பின்னர் சேர்ப்பதே நல்லது. எஃப் 22 வரை மூடினால் படம் முழுவதுமே மழுங்கும்.

மரங்களில் உடைமரத்தை விட்டுவிடாதீர்கள். குடை விரித்த வடிவம் இந்தக் கடலோரத்துக்கே உரிய அடையாளம். பனையைவிட உயரம் குறைவு என்பதால் சூரியன் அடிவானத்துக்கு இரண்டு மூன்று பாகை மேலே இருக்கும்போதே குடைக்குப் பின்னால் வரும். இங்கே கோடை மாலையில் தூசும் கடல் ஈரமும் சேர்ந்து, சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே புழுதியில் கரைந்துபோவது வழக்கம். அந்தச் சிவந்த வட்டம் கிடைக்கும் ஐந்தாறு நிமிடத்தில் 100 முதல் 200 மி.மீ. லென்ஸோடு உடைமரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தள்ளிப் போகப் போக மரத்தோடு ஒப்பிடச் சூரியன் பெரிதாகும். கோடை மழை பெய்த மறுநாள் புழுதி அடங்கியிருக்கும், அன்று கடைசி நொடி வரை சூரியன் தெரியும்.

உப்பளம் தனிச் செல்வம். பாத்தித் தண்ணீர் சில அங்குல ஆழம்தான், வரப்பு காற்றைத் தடுக்கும், ஆதலால் கடல் அலைந்தாலும் பாத்தி கண்ணாடியாக இருக்கும். உப்பு முற்றிய பாத்திகளில் நுண்பாசியாலும் நுண்ணுயிராலும் தண்ணீர் இளஞ்சிவப்பாவதைக் காணலாம். இங்கே கேமராவை உயர்த்தித் தலைக்கு மேல் பிடித்தால் வரப்புக் கட்டங்கள் தெரியும், தாழ்த்தினால் வானம் தண்ணீரில் தெரியும். இரண்டில் எது வேண்டுமென்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், அது நீங்கள் தேடி வந்த பிரதிபலிப்பையே அழித்துவிடும். உப்பு அம்பாரத்தை எடுக்கும்போது கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). உள்ளே நுழையும் முன் அளத்தில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். வரப்பின் ஓரம் சரிந்தால் ஒரு பாத்தி உப்பு சேறாகிவிடும்.

அலை பஞ்சுபோல் வர எத்தனை விநாடி? ஏர்வாடிக் கரையில் எடுத்த 30 விநாடிப் படங்கள் எல்லாம் ஆடியிருக்கின்றன.
— வாசகர், கீழக்கரை

ஈரமணலில் ஒவ்வோர் அலையும் கால்களுக்கு அடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போகிறது, ட்ரைபாட் மெல்லப் புதைகிறது. முப்பது விநாடிக்குள் ஐந்தாறு அலை வந்துவிடும். கால்களை ஊன்றி, மேலிருந்து அழுத்தி, இனி இறங்காது என்று தெரியும் வரை அமுக்குங்கள். இரண்டு அலை போக விட்டு மறுபடி அமுக்கிய பிறகே எடுங்கள். நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. கச்சான் காற்றில் பையைத் தண்டில் தொங்கவிட்டால் அது ஊசலாடி இன்னும் ஆட்டும். பையின் அடி தரையைத் தொட்டு நிற்கும்படி கட்டுங்கள். தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், இரண்டு விநாடி டைமர் போடுங்கள்.

முப்பது விநாடி தேவையா என்பதையும் யோசியுங்கள். இந்தக் கரையில் அலை சிறியது, அதிக நேரம் விட்டால் கடல் வெறும் பால்போல் ஆகி வடிவம் போய்விடும். அலை திரும்பிப் போகும் தருணத்தில் அரை விநாடி முதல் ஒரு விநாடி விட்டால் நுரை கோடுகளாக இழுபடும். எங்கள் பரிந்துரை அதுதான். வெளிச்சம் இருக்கும்போது இதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போதும், 1/60 விநாடி ஒரு விநாடியாகும். 10 ஸ்டாப் என்றால் அதே 1/60 பதினேழு விநாடியாகும்.

ராமேஸ்வரத்தில் எடுக்கும் படங்களில், அதுவும் சூரியனைப் பார்த்து எடுத்தால், பால் ஊற்றினதுபோல் வெண்திரை. லென்ஸ் கெட்டுப்போய்விட்டதா?
— ஸ்டுடியோ உரிமையாளர், ராமேஸ்வரம்

லென்ஸைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்கண்ணாடியில் மெல்லிய படலமாகத் தெரிந்தால் உப்பு. உள்ளே நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. உப்புக்குக் கைவைத்தியம் உண்டு, பூஞ்சைக்கு சர்வீஸ் சென்டர்தான்.

கடற்காற்றில் அரை மணி நேரம் நின்றாலே நுண்ணிய உப்புத்துளி கண்ணாடியில் படியும். அதை உலர்ந்த துணியால் தேய்ப்பதுதான் பெரிய கேடு. உப்புப் படிகமும் மணலும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் புளோயரால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். பின்னர் மைக்ரோஃபைபர் துணியின் ஓரத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும். அதன் பிறகே லென்ஸ் திரவத்தைத் துணியில் ஒரு துளி விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடையுங்கள். திரவத்தைக் கண்ணாடியில் நேராக விடக் கூடாது. தென்கடல் ஓரம் நிற்கும் நாள்களில் யு.வி. ஃபில்டர் மாட்டிக்கொண்டு, சூரியனை நேராக எடுக்கும் நேரத்துக்கு மட்டும் கழற்றுங்கள். கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் படம் மங்கினால் அது வேறு சங்கதி. குளிர்ந்த கண்ணாடியில் கடலோர ஈரம் வியர்க்கிறது. கேமராவை மூடிய பைக்குள்ளேயே அரை மணி விட்டு வெளியே எடுங்கள், அல்லது கடைசி அரை மணிப் பயணத்தில் ஏசியை நிறுத்திவிடுங்கள். துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி வியர்க்கும்.

வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாக வைத்து உலர்த்துங்கள். மணலில் நிற்கும்போது கடைசிக் கணுவை முதலில் முழுக்க நீட்டிவிட்டால் அதன் பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே இருக்கும். லென்ஸ்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சிறிய ஈரப்பதமானியோடும் வைத்து, 40 முதல் 50 சதவீதத்தில் பராமரியுங்கள். 60க்கு மேல் நெடுநாள் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவது இந்த ஊருக்கு ஆகவே ஆகாது.

சித்ரா பௌர்ணமி நிலவைக் கடல் மேல் எடுக்க எந்த நேரம்?
— வாசகி, தொண்டி

பௌர்ணமியன்று நிலவு எழுவதும் சூரியன் மறைவதும் ஏறக்குறைய ஒரே நேரம். உங்கள் கரை கிழக்கு நோக்கியது, இடம் மாற வேண்டியதில்லை. நிலவு நேர் கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி எழும். புழுதியால் முதல் இரண்டு மூன்று பாகை உயரம் வரை தெரியாமல் போகலாம், பொறுத்திருங்கள். தரையும் கடலும் விவரமாகத் தெரிய வேண்டுமென்றால் முந்தின நாள் மாலையே போவது நல்லது. அன்று நிலவு முக்கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்திருக்கும், வானத்திலும் வெளிச்சம் இருக்கும். 200 மி.மீ. லென்ஸில் ஷட்டர் அரை விநாடியைத் தாண்டினால் நிலவு இழுபடும்.

கேமரா இல்லை, போன் மட்டும்தான். பயன் உண்டா?
— பத்தாம் வகுப்பு மாணவர், திருப்புல்லாணி

நிறையவே உண்டு. முதலில் லென்ஸைத் துடைத்துவிடு தம்பி, விரல் எண்ணெய்தான் பாதிக் கோளாறு. பிரகாசமான வானத்தைத் தொட்டுப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டு, பின்னர் சூரியக் குறியைக் கீழே இழுத்து நிறம் திரும்பும் வரை இருட்டாக்கு. விரலால் பெரிதாக்காமல் காலால் நடந்து நெருங்கு. புரோ மோட் இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 50 அல்லது 100இல் நிறுத்தி, ரா ஃபைலாக (சுருக்காத மூலக் கோப்பாக) சேமி. போனைச் செங்கல்லில் சாய்த்து மூன்று விநாடி டைமர் போட்டால் அந்திக்குப் பின்னும் ஆடாமல் எடுக்கலாம்.

தனுஷ்கோடி, பாம்பன், தீவுகள்: எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது? ட்ரோன் பறக்க விடலாமா?
— வாசகர், மதுரை

தனுஷ்கோடியில் அந்தி வரை நிற்கத் திட்டமிடாதீர்கள், மாலையிலேயே போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயச் சுவர்களுக்கு நாலு மணிக்கு மேல் விழும் பக்கவெளிச்சமே போதும், கற்களின் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். பாம்பனில் சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி எடுப்பது ஆபத்து. பாலத்திலிருந்து இறங்கிக் கரையிலிருந்து எடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும் அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியும் கரையிலிருந்தே நன்றாக விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் வரிசையாக நங்கூரத்தில் கிடக்கும். மாலைப் படத்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. ட்ரோன் விஷயத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதை மறக்காதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடம் எந்த நிறம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்து, காவல்நிலையத்திலும் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

விதிப்புத்தகம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. கோடையில் ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறுந்தரையில், மணலிலும் அளத்து வரப்பிலும், முட்டையிடும். முட்டை மண் நிறத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தட்டுப்படாது. பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தாலோ, இறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து நடந்தாலோ நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். அந்த வெயிலில் தாய்ப்பறவை சில நிமிடம் விலகியிருந்தாலே முட்டை கெட்டுவிடும்.